வாரம் ஒரு மாத்திரை

கிராமத்தின் முன்னேற்றம் சாலையாலும் கிணற்றாலும் மட்டும் அளக்கப்படுவதன்று. இரு பிரசவங்களுக்கு இடையே தாயின் உடல் தேறப் போதிய காலம் கிடைத்ததா என்பதும் அதற்கோர் அளவுகோலாகும். அக்காலத்தைத் தாயே நிர்ணயித்துக்கொள்ள உதவும் சாதனங்களுள் ஒன்று, நம் நாட்டு விஞ்ஞானிகள் கண்ட 'சென்ட்குரோமன்' மாத்திரை.

உடலின் ஏற்பாடு

பெண்ணின் சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் இரு ஹார்மோன்கள் சுரக்கின்றன. முன்னது கருப்பையின் உட்சவ்வை வளர்க்கிறது. பின்னது கருவை ஏற்கும் வண்ணம் அதனைப் பக்குவப்படுத்துகிறது. விதைப்புக்கு முன் வயலை உழுது பண்படுத்துவது போன்றது இது. கரு உண்டாகாவிடில் அச்சவ்வு மாதவிடாயாக வெளியேறுகிறது.

1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கருத்தடை மாத்திரை, இந்த ஹார்மோன்களை ஒத்த பொருள்களால் ஆனது. அவ்வகை மாத்திரைகள் சினைமுட்டை வெளிப்படுவதைத் தடுக்கின்றன. அவற்றை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சென்ட்குரோமனோ ஹார்மோன் அன்று. ஈஸ்ட்ரோஜன் கருப்பையில் ஆற்றும் வேலையை மறித்து, கரு பதிய இயலாதவாறு உட்சவ்வை மாற்றுகிறது. இம்மருந்து 1991-ஆம் ஆண்டில் 'சகேலி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 2016-ஆம் ஆண்டில் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, 'சாயா' என்ற பெயரில் அரசு சுகாதார நிலையங்கள் வாயிலாக இலவசமாக வழங்கப்படலாயிற்று.

உட்கொள்ளும் முறை

மாதவிடாயின் முதல் நாளன்று முதல் மாத்திரை. அது ஞாயிறாயின், அடுத்தது புதன். இவ்வாறு வாரம் இருமுறை மூன்று மாதங்கள். நான்காம் மாதம் முதல் ஞாயிறுதோறும் ஒன்று. மாதவிடாய் எந்நாளில் வரினும் கிழமை மாறலாகாது. மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் உட்கொண்டு, அடுத்த மாதவிடாய் வரை ஆணுறையும் பயன்படுத்துதல் வேண்டும். ஏழு நாட்களுக்கு மேல் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பாலூட்டும் தாய்மாரும் இதனை உட்கொள்ளலாம். மஞ்சட்காமாலை, கல்லீரல் நோய், சினைப்பை நீர்க்கட்டி, காசநோய், சிறுநீரக நோய் ஆகியவை உடையோருக்கு இது ஏற்றதன்று. ஆகவே மருத்துவரின் பரிசோதனை முதலில் தேவை. பால்வினை நோய்களை இது தடுக்காது என்பதையும் அறிதல் நலம்.

அச்சம் வேண்டா

இம்மாத்திரை உண்போர் சிலருக்கு, குறிப்பாக முதல் சில மாதங்களில், மாதவிடாய் தள்ளிப்போகும். இதனை முன்பே சொல்லாவிடில் விளைவு என்ன? கரு நின்றுவிட்டதென்று கலங்குவாள் ஒருத்தி. உடலில் கேடு சேர்ந்ததென்று மாத்திரையை எறிந்துவிடுவாள் மற்றொருத்தி. மாத்திரையை நிறுத்தியபின் வேண்டாத கருவும் உண்டாகலாம். தாமதம் பெரும்பாலும் மருந்தின் இயல்பே. ஆயினும் பதினைந்து நாட்களுக்கு மேல் நீடித்தால், கரு உண்டாகவில்லை என்பதைப் பரிசோதனையால் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஆதலின் ஊழியர்களுக்கு ஒன்று கூறுவோம். எத்தனை அட்டைகள் வழங்கினோம் என்பது கணக்கன்று. பெற்றுக்கொண்டவள் முறையையும் பக்க விளைவையும் உணர்ந்தாளா, ஏற்பதும் மறுப்பதும் தன் உரிமையென அறிந்தாளா என்பதே கணக்கு. மகளிர் குழுக் கூட்டங்களில் இதனை எடுத்துரைத்து, ஐயங்களைப் பொறுமையுடன் தீர்த்து வைப்பது நம் கடமையாகும்.