தேயிலைக்கு நடுவே காடு



உலக நிலப்பரப்பில் நமது தேசத்துக்கு உரியது நூற்றுக்கு இரண்டரைப் பங்குகூட இல்லை. அதிலே உலக ஜனத்தொகையில் ஆறில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் குடியிருக்கிறோம். ஆயினும் இதுவரை அறியப்பட்ட ஜீவராசி வகைகளில் நூற்றுக்கு ஏழெட்டு இங்கே உண்டு. இத்தனை நெருக்கத்தில் அவை எங்கே ஒண்டியிருக்கின்றன? கோயமுத்தூர் ஜில்லாவிலுள்ள வால்பாறையைப் பார்த்தால் விளங்கும்.

ஆனைமலையின் இந்த மேட்டு நிலத்தில், 1890-ம் ஆண்டுகளில் காட்டை அழித்துக் காப்பியும் தேயிலையும் பயிரிடத் தொடங்கினார்கள். பரப்பு ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர். 2011-ம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கே 70,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். பிழைப்புக்காக மலையேறிய ஏழைத் தொழிலாளரின் சந்ததியாரே அவர்களில் பலர். அவர்களைக் குறைசொல்வது நியாயமல்ல. காடும் முற்றிலும் போய்விடவில்லை. தேயிலைக்கு நடுவே தீவுகளைப்போல் சிறு சிறு துண்டுகளாக நிற்கிறது.

துண்டானால் என்ன, மரம் இருக்கிறதே என்று கேட்கலாம். சிங்கவால் குரங்கைக் கவனியுங்கள். கரிய உடல், முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் சிறு குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகின் வேறெந்தக் காட்டிலும் இது இல்லை. மரத்திலேயே உண்டு மரத்திலேயே உறங்கும் பிராணி. கிளைக்குக் கிளை தொடர்பு அறுந்தால் தரையில் இறங்குகிறது; ரோட்டைக் கடக்கையில் வாகனத்தில் அடிபடுகிறது. ஆகவே புதுத்தோட்டத்தில் ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டினார்கள். குரங்குகளும் அதைப் பழகிக்கொண்டன.

இருவாச்சிப் பறவையின் காரியம் இன்னும் விசேஷமானது. பெரிய மரப்பொந்துக்குள் பெட்டை புகுந்து, ஒரு சிறு கீறல் மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். பல வாரங்களுக்கு அதற்கு வெளியுலகம் இல்லை. சேவல்தான் அத்திப்பழம் முதலியவற்றைத் தேடிக் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியே ஊட்டும். தின்ற பழத்தின் கொட்டைகளைத் தொலைவில் உதிர்த்துக் காட்டை விதைப்பதும் இப்பறவையே. அத்தகைய பொந்து இளமரத்தில் அமையாது. முதிர்ந்த பெருமரம் வேண்டும். நூறு கன்று நட்டுவிட்டு ஒரு கிழமரத்தை வெட்டினால் கணக்குச் சரியாகாது.

யானைக்கோ துண்டுக் காடு வழிநடைச் சத்திரம். நடுவாறு, சோலையாற்றுக் கரையோர மரநிழலில் பகலில் தங்கி, இரவில் தேயிலை வழியே நடக்கும். அரிசி வாசனைக்கு ரேஷன் கடைக் கதவையும் உடைக்கும். பஸ்ஸை விட்டிறங்கி இருட்டில் லைன் வீட்டுக்கு நடந்தவர்கள் யானையின்முன் அகப்பட்டு உயிரிழந்ததுண்டு. அந்த வீட்டாரிடம் போய்க் காட்டின் அருமையைப் பேச யாருக்கு நா எழும்?

ஆகையால் 2011-ம் ஆண்டில் வேறொரு வழி செய்தார்கள். யானை நிற்குமிடம் கைபேசியில் தமிழிலேயே செய்தியாக வந்தது. கண்ணுக்குத் தெரியும்படியான உயரத்தில் சிவப்பு விளக்குகளும் நாட்டப்பட்டன. அருகில் யானை வந்தால், அந்தந்தத் தோட்டத்து ஆட்களே கைபேசி மூலம் விளக்கை ஏற்றுவார்கள். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் சிவப்பைக் கண்டால் நடக்கமாட்டார். கூட்டம் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேரும்வரை அங்கேயே நிற்பார்.