சிறிய சொல், பெரிய வேலை

போகலாம். போக வேண்டும். போகக் கூடாது. போக முடியாது.

நான்கிலும் வேலை ஒன்றுதான். வால்தான் வேறு. தமிழில் இந்த வால் வினைச்சொல்லின் பின்னால் வரும். ஆங்கிலத்தில் அது தனிச் சொல்லாக வினைக்கு முன்னால் நிற்கும். கேன், மே, மஸ்ட், ஷுட், ஷேல் ஆகியவை அப்படிப்பட்ட சொற்கள். இவற்றைத் துணைவினைகள் என்பார்கள்.

'ஐ கேன் ரீட்' என்றால், என்னால் படிக்க முடியும். 'ஷி கேன் ரீட்' என்றால், அவளால் படிக்க முடியும். ஆள் மாறினாலும் சொல் மாறாது. 'ஷி ரீட்ஸ்' என்று சொல்லிப் பழகியவர்கள் இங்கேயும் 'ஸ்' சேர்த்துவிடுவார்கள். அது தவறு. 'ஐ மஸ்ட் டு கோ' என்பதும் தவறு. நடுவில் 'டு' வராது. 'ஐ மஸ்ட் கோ' போதும்.

'மே' நமக்கு எளிது. 'மே ஐ கம் இன்?' உள்ளே வரலாமா? 'இட் மே ரெயின்.' மழை வரலாம். நம்முடைய 'லாம்' செய்யும் இரண்டு வேலைகளையும் அது செய்கிறது.

சிக்கல் 'வேண்டாம்' என்பதில்தான். வெறும் வயிற்றில் செய்யும் சர்க்கரைச் சோதனைக்கு முன் 8 மணி நேரமாவது தண்ணீர் தவிர எதுவும் உட்கொள்ளக் கூடாது. அந்தச் சீட்டில் 'யூ மஸ்ட் நாட் ஈட்' என்று இருக்கும். சாப்பிடவே கூடாது என்று பொருள். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் சோதனை வேறு. அதற்கு 'யூ நீட் நாட் ஃபாஸ்ட்'. பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கிடந்தாலும் தவறில்லை. தமிழில் நாம் இரண்டுக்கும் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுகிறோம். முதல் சீட்டை இரண்டாவதைப் போலப் படித்தவர் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போவார். ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகத் தெரியும். இல்லாத நோய்க்கு மருந்து எழுதும்படி ஆகலாம்.

'ஷுட்' அறிவுரை. 'மஸ்ட்' கட்டாயம்.

'ஷேல்' வீட்டுப் பேச்சில் அதிகம் வராது. சட்டத்தில் வரும். அங்கே பெரும்பாலும் கட்டாயம் என்றே பொருள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். ரேஷன் கடைக்கு இந்த மாதம் எத்தனை மூட்டை அரிசி வந்தது என்று நீங்கள் எழுதிக் கேட்கிறீர்கள். விண்ணப்பம் கிடைத்த 30 நாளுக்குள் அதிகாரி தகவல் தர வேண்டும். அல்லது, சட்டம் சொல்லும் காரணத்தைக் காட்டி மறுக்க வேண்டும். ஆங்கிலத்தில் அங்கே இருப்பது 'ஷேல்'. "முடிந்தால் தருவோம்" என்று ஒருவர் சொன்னால், அவர் அதை 'மே' என்று படிக்கிறார்.

பதில் வரவில்லையா? மேல் அதிகாரியிடம் முறையிடலாம். இங்கேதான் 'மே' வருகிறது. முறையிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் அதற்கும் 30 நாள் கெடு உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லச் சொல்லவும் கூடாது. இரண்டு இடத்திலும் 'ஷேல்' இல்லை என்னும் சொல்லோடு சேர்ந்து வந்து தடுக்கிறது.

எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அதிகாரி உதவ வேண்டும். அங்கும் 'ஷேல்'தான்.