பின்னால் நின்று தள்ளு

தாம்பரம்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிராக்டிகலுக்கு உன்னைக் குழுத் தலைவி ஆக்கியிருக்கிறார்கள் என்று உன் அப்பா போனில் சொன்னான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பையன்கள் உன் பேச்சைக் கேட்பதில்லை, அதனால் மொத்த வேலையையும் நீயே முடித்துவிடுகிறாய் என்றும் சொன்னான். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அப்படிச் செய்யாதே அம்மா. உன் வயரிங் சுத்தமாக இருக்கும், மார்க்கும் கிடைக்கும். ஆனால் அந்தப் பையன்கள் இரண்டு வருஷப் படிப்பை முடித்து, உயிரைப் பறிக்கக்கூடிய வேலைக்குக் கை பழகாமல் போவார்கள்.

நம்ம கோவளத்திலேயே பார். மூர்த்தி மேகவன் மீனவர் வீட்டுப் பிள்ளை. அலைச்சறுக்கைத் தானாகவே கற்றுக்கொண்டவர். அவர் மட்டும் சறுக்கிக் காட்டியிருந்தால் ஊர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருக்கும். அவரோ குப்பத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். தொழிலதிபர் அருண் வாசு துணை நிற்க, 2012-ல் அது ஒரு பள்ளியாகவே ஆனது. குடி, சிகரெட் இரண்டும் கூடாது என்பதில் மூர்த்தி கண்டிப்பானவர். அவரிடம் கற்ற பிள்ளைகள் பயிற்சியாளர்களாகி வெளியூர்க்காரர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். ஒரு ஞாயிறு காலையில் கரையில் நின்று கவனி. புதிதாக வந்தவர் பலகைமேல் குப்புறப் படுத்திருப்பார். பயிற்சியாளர் தண்ணீரில் பின்னால் நின்று, அலை வரும் நேரம் பார்த்துத் தள்ளிவிட்டு, "எழுந்திரு" என்று குரல் கொடுப்பார். எழுந்து நிற்க வேண்டியவர் பலகைமேல் இருப்பவர்தான்.

நீயும் ஸ்க்ரூ டிரைவரை அவர்கள் கையில் கொடு. இணைப்பு தப்பினால் பிடுங்காதே. சப்ளை கொடுப்பதற்கு முன் அவர்களையே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல். நேரமாகும், ஆகட்டும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. மெயினை ஆஃப் செய்து, ஃபியூஸ் கேரியரைக் கழற்றி, போர்டில் கை வைக்கிறவர் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்ட பிறகுதான் வேலை. டெஸ்டர் வைக்காமல் யார் கை நீட்டினாலும் சத்தம் போட்டு நிறுத்து. சாரே அவசரப்படுத்தினாலும் நிறுத்து. பொம்பளைப் பிள்ளை கத்துகிறாள் என்பார்கள். கத்து. கரையில் மீன் ஏலம் விட்ட உன் ஆயாவின் குரல் உனக்கும் இருக்கிறது.

இன்னொன்று. வாரம் ஒருவர் தலைவராக இருக்கட்டுமா என்று சாரிடம் கேட்டுப் பார். உன்னை அதிகம் முறைக்கிற பையன் யாரோ, முதலில் அவனுக்கே அந்த முறை போகட்டும். அவன் சொல்லும் வேலையை ஒழுங்காகச் செய்து, மீட்டர் அளவுகளை நோட்டில் எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கு.

அன்புடன்,
பெரியப்பா