நிறைகுடமும் ‘பிளேனுஸ்’ என்ற சொல்லும்

த பேசின் ஸ்ரீ வக்ரதுண்ட விநாயகர் ஆலயத்துக்கு வரும் நாம் நிறைகுடத்தைப் பூரண கும்பம் என்றும் சொல்கிறோம். ‘நிறை’ தமிழ், ‘பூரண’ வடசொல். இந்தப் ‘பூரண’வுக்கு மேற்கே உறவினர் உண்டு: இலத்தீனில் ‘பிளேனுஸ்’, ஆங்கிலத்தில் ‘ஃபுல்’. மூன்றும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. பழைய ‘ப’ ஒலி ஆங்கிலத்தில் ‘ஃப’ ஆயிற்று. பிதா, ஃபாதர் என்பவற்றை எண்ணிப் பாருங்கள்.

நிரப்புதலைக் குறிக்கும் இலத்தீன் வேர் பல ஆங்கிலச் சொற்களில் ஒளிந்திருக்கிறது. முற்றாக நிரம்பினால் ‘கொம்பிளீற்’. குறைந்ததை நிரப்பினால் ‘சப்ளை’. அரசின் செலவுப் பணத்தையும் பாராளுமன்றத்தில் ‘சப்ளை’ என்பர். 1975 இல் செனற் சபை அதைத் தடுத்ததே விட்லம் அரசின் பதவி நீக்கத்தில் முடிந்தது. எமது கணக்குத் தொழிலில், சுரங்கத்தை அள்ள அள்ளக் குறையும் மதிப்பு ‘டிப்ளீஷன்’. ‘எக்ஸ்பிளீற்றிவ்’ இன்று பேச்சில் வசைச்சொல். முன்னர் அது பாட்டடியை நிரப்ப வந்த சொல். நமது இலக்கண நூலார் கூறும் இசைநிறைக்கு ஒத்தது. பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆயினும் மறக்க மாட்டார்கள்.

இனி எம்மவர் இடறும் இடத்துக்கு வருவோம். ‘கொம்பிளிமென்ற்’ இரண்டு உண்டு. உச்சரிப்பு ஏறக்குறைய ஒன்றே. நடுவில் ‘ஐ’ எழுத்து வந்தால் பாராட்டு. உபசார முறையை நிறைவு செய்தல் என்பதிலிருந்து வந்த பொருள் அது. ஹோட்டலில் காசில்லாமல் தரும் கோப்பியும் இவ்வகையே. ‘ஈ’ எழுத்து வந்தால், குறையை நிரப்புவது.

2012 மார்ச் 24 முதல் அவுஸ்திரேலியச் சட்டத்தில் ‘கொம்பிளிமென்ரறி புரொடெக்ஷன்’ என்ற ஏற்பாடு உண்டு. இனம், சமயம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து என்ற ஐந்து காரணங்களுக்குள் அடங்காததால் அகதியாக ஏற்கப்படாத ஒருவருக்கு, திருப்பி அனுப்பினால் சித்திரவதை, மரண தண்டனை போன்ற பெருந்தீங்கு நேரும் மெய்யான ஆபத்து இருக்கலாம். அவருக்கான பாதுகாப்பு இது. இதனை இலவசச் சலுகை என்று விளங்கிக்கொண்டவர்களும் எம்மிடையே உண்டு. சலுகை அன்று, அகதி வரைவிலக்கணம் விட்ட வெற்றிடத்தைச் சட்டம் நிரப்புகிறது. ஆகவேதான் ‘ஈ’.

இதற்குத் தனி விண்ணப்பம் இல்லை. பாதுகாப்பு விசா விண்ணப்பத்திலேயே முதலில் அகதியா என்பதைப் பார்த்து, இல்லையெனில் இதனைப் பரிசீலிப்பர். எனவே உறவினருக்கு வாக்குமூலம் எழுத உதவுவோர், ஐந்து காரணங்களோடு நின்றுவிடாமல், திரும்பினால் என்ன நேரும் என்பதையும் முழுமையாக எழுதுவிக்கவும். படிவத்தில் இடம் போதாவிட்டால் வேறு தாள் இணைக்கலாம்.