சிவப்பு இல்லாமல் ஒரு சங்கரா

பாலவாக்கம், சென்னை.

அன்புள்ள தம்பிக்கு,

மீன் விற்கும் ஆப்புக்காக நீ வரைந்து அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை, கட்டம் கட்டமாக. பழைய நோக்கியா 3310 ஞாபகம் வந்தது. 84க்கு 48 புள்ளித் திரையில் பாம்பு ஊர்ந்த காலம். என் கவலையும் அதுதான். பழசை ஞாபகப்படுத்துவது முதல் நாளோடு சரி. மறுநாளிலிருந்து அந்தப் படம் மீனைக் காட்டியாக வேண்டும்.

நேற்றுக் காலை போனை எடுத்துக்கொண்டு குப்பத்துக் கரைக்குப் போய், மீன் விற்கும் அக்கா ஒருவரிடம் காட்டினேன். வஞ்சிரத்தையும் வவ்வாலையும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். மூன்றாவதைப் பார்த்து, "இது இன்னா மீனுப்பா?" என்றார். அது நீ வரைந்த சங்கரா.

சங்கரா என்றால் சிவப்பு. அந்தச் சிவப்பை எடுத்த நீ, அது செய்த வேலையை வேறு யாரிடமும் ஒப்படைக்கவில்லை. முதுகில் முள்ளாக நிற்கும் துடுப்பை இரண்டு கட்டம் உயர்த்திப் பார். கண்ணைப் பெரிதாக்கு. பாடுபட்டு வரைந்த செதில்களை அழித்துவிடு. அந்தச் சின்ன அளவில் அவை அழுக்காகத்தான் தெரிகின்றன.

1984-ல் வந்த மெக்கின்டாஷுக்குப் படக்குறிகள் வரைந்த சூசன் கேர், கணினியைத் தொடுமுன் ஒரு கிராஃப் நோட்டில்தான் கட்டங்களை நிரப்பினார். 32க்கு 32, மொத்தம் 1,024 கட்டம். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை, நடுவில் சாம்பல் கிடையாது. அந்தக் கட்டாயம் அவருக்கு இயந்திரம் விதித்தது. உன் போனில் கோடி நிறம் இருக்கிறது. அதனால் அந்தக் கட்டாயத்தை நீயே உனக்கு விதித்துக்கொள்ள வேண்டும். பாதியில் தளர்த்தினால் படம் வேடமாகிவிடும்.

இந்த வித்தை அமெரிக்காவில்தான் பிறந்தது என்று நினைத்துவிடாதே. ஒருநாள் காஞ்சிபுரம் போய்ப் பார். பட்டுப் புடவை டிசைனைக் கிராஃப் தாளில் கட்டம் நிரப்பிப் போடுவார்கள். அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடுவார்கள். ஓட்டை இருந்தால் இழை மேலே வரும், இல்லாவிட்டால் கீழேயே கிடக்கும். பாதி ஓட்டை என்று ஒன்று கிடையாது. கட்டத்தில் ஓர் அன்னம் எப்படிக் கழுத்தை வளைக்கிறது என்பதை அங்கே கற்றுக்கொள்.

கோலத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-லேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டினார். ஆனாலும் சிக்குக் கோலத்தை 32 கட்டத்தில் அடைக்காதே. அதன் உயிர் புள்ளியில் இல்லை, புள்ளியைச் சுற்றி நெளியும் கம்பியில் இருக்கிறது. கட்டத்தில் அந்த நெளிவு படிக்கட்டாகிவிடும். கோலம் போடுபவரிடம் நீ எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: முதலில் புள்ளியை எண்ணு, பிறகு கையை வை.

இனிக் கைவேலை. 32 கட்டப் படத்தை 64, 96 என்று முழு மடங்கில் மட்டும் பெரிதாக்கு. 80-க்கு இழுத்தால் ஒரு கட்டம் இரண்டு புள்ளியாகும், பக்கத்துக் கட்டம் மூன்றாகும், மீன் கோணிக்கொள்ளும். ஒரே திரையில் இரண்டு அளவுக் கட்டம் வேண்டாம். கறுப்பையும் வெள்ளையையும் மாற்றி மாற்றி வைத்துச் சாம்பல் காட்டினால், விரலால் தள்ளும்போது அது மினுமினுக்கும்; குறைத்துக்கொள். மீனின் பெயரையும் விலையையும் கட்ட எழுத்தில் போடாதே. சின்ன அளவில் 'ண'வின் சுழிகள் அடைத்துப்போகும். எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும்.

ஒவ்வொரு கட்டத்தையும் ஒருமுறை அழித்துப் பார். அழித்தும் மீன் தெரிந்தால் அந்தக் கட்டம் தேவையில்லை.

திருத்திய சங்கராவை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை அந்த அக்காவிடம் மறுபடி காட்டுகிறேன். அவர் மீனின் பெயரைச் சொல்லிவிட்டால் போதும், எனக்கு வேறு கருத்து இல்லை.

அன்புடன்,
அண்ணன்