வகுப்புக்கேற்ற புத்தகமா, பிள்ளைக்கேற்ற புத்தகமா?

2007ஆம் ஆண்டு, வாகரைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்குப் பாசிக்குடாவுக்கு அண்மையில் மாலை வகுப்பு நடத்தினோம். தரம் 4 படிக்கும் சிறுவன் ஒருவன் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி வாசித்தான். நாமும் மகிழ்ந்தோம். பிறகுதான் அவதானித்தோம்: வாய் ஐந்தாம் வரியில், விரல் இரண்டாம் வரியில். புத்தகத்தை மூடிவிட்டு 'மரம்' என்று எழுதிக் காட்டினோம். தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் மந்தமான பிள்ளை அல்ல. எழுத்துப் படிக்கும் வயதில் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தவன். வகுப்பு மட்டும் வருடாவருடம் ஏறிவிட்டது.

தண்ணீர் நிற்கும் பள்ளத்துக்கும் காய்ந்து கிடக்கும் மேட்டுக்கும் ஒரே இன நெல்லை நீங்கள் விதைப்பதில்லை. பிள்ளைக்குப் புத்தகம் கொடுப்பதும் அப்படித்தான். படிநிலைப் புத்தகங்கள் என்பவை இதற்காகவே எழுதப்படுகின்றன. முதற்படியில் பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி; அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். அடுத்த படிகளில் வரிகள் கூடும், படங்கள் குறையும். தமிழ்நாட்டு அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் இப்படிகளுக்கு நுழை, நட, ஓடு, பற என்று பெயர். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்திலும் நான்கு படிகளில் தமிழ்க் கதைகள் உண்டு. இலவசமாக எடுத்து அச்சிடலாம்.

தமிழில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரம், படம், பல் போன்ற சொற்கள் முதலில் வரட்டும். அதன்பின் கால், மீன். கொம்பு வைத்த எழுத்துகள் பிந்தியே வரட்டும். 'கெ' என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது, அதன் ஓசையோ பின்னே வருகிறது. புதிதாகப் படிக்கும் கண் அங்கே தடுக்கி விழும்.

பிள்ளையின் படியை அறியப் பரீட்சை தேவையில்லை. ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறும் சொல்லுக்கு ஒரு விரலை மடக்குங்கள். ஒரு கை முழுவதும் மடங்கினால் அந்தப் புத்தகம் பாரம். ஒரு படி இறங்குங்கள். ஒரு விரலும் மடங்காவிட்டால் ஏறலாம்.

இறங்குவது பிள்ளைக்கு வெட்கமாகிவிடக் கூடாது. நாம் இதில் பிழை விட்டோம். மட்டையில் 'தரம் 1' என்று பெரிதாக எழுதிக் கொடுத்தோம். அந்தச் சிறுவன் புத்தகத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போனான். மறுநாளே மட்டைகளை மாற்றி மீன், நண்டு, கொக்கு என்று படம் ஒட்டினோம்.

அச்சுப் புத்தகம் கிடைக்காவிட்டால் பழைய கொப்பித் தாளை மடித்துத் தையுங்கள். பிள்ளை சொல்லட்டும், அக்காவோ அண்ணனோ எழுதட்டும். "அப்பா வட்டைக்குப் போனார்" என்றால் அதையே எழுதுங்கள்; திருத்த வேண்டாம். ஊரில் விட்டுவந்த கன்றுக்குட்டியைப் பற்றி அச்சிறுவன் சொல்லச் சொல்ல நாம் எழுதினோம். நான்கு பக்கந்தான். அவன் உண்மையாக வாசித்த முதல் புத்தகம் அதுவே.

"எங்களுக்கே எழுத்துத் தெரியாதே" என்று சில தாய்மார் கேட்டார்கள். பக்கத்தில் இருந்து கேளுங்கள், அது போதும். ஒரு பக்கம் முடிந்ததும் நிறுத்தி, "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். தன் சொல்லில் சொன்னால் விளங்கி வாசித்திருக்கிறான். அதே வரிகளைத் திரும்ப ஒப்புவித்தால், ஒரு படி கீழே உள்ள புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள்.