சிசுவின் அழுகுரல் மெலியும்போது

நோய்க்கிருமிகள் உடலிற் புகுந்து, அவற்றை எதிர்க்கும் முயற்சியிலேயே உடல் நிலைகுலைந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நிலையை மருத்துவர்கள் செப்சிஸ் என்று அழைக்கின்றனர். பெரியவர்களிடம் இந்நோய் பெரும்பாலும் கடுங்காய்ச்சலோடு தோன்றும். பிறந்து சில நாட்களே ஆன சிசுக்களிடமோ காய்ச்சலே காணாதிருக்கலாம். மாறாக உடல் சில்லிட்டுப் போகலாம். காலையில் பால் குடிக்கச் சுணங்கிய சிசு மறுநாள் விடியுமுன் இறந்துபோவதும் உண்டு. ஆகவே, இரத்தப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராமல் அபாயத்தை முன்கூட்டி அறியும் வழி உண்டா என்பது கிராமங்களுக்கு உயிர் போன்ற கேள்வியாகும்.

உண்டு என்பதற்கு மகாராஷ்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டம் சான்று பகர்கிறது. மருத்துவத் தம்பதியரான அபய் பங், ராணி பங் ஆகியோர் நிறுவிய 'சர்ச்' என்னும் அமைப்பு, 1995 முதல் 1998 வரை அங்கு 39 கிராமங்களில் ஆராய்ச்சி ஒன்றை நடத்தியது. ஓரளவே பள்ளிப்படிப்புள்ள உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று சிசுக்களைக் கவனித்தனர். நோய் கண்டபோது மருந்தும் ஊசியும் அவர்களே கொடுத்தனர். முன்னர் இந்நோய் கண்ட சிசுக்களுள் நூற்றுக்கு 16.6 பேர் இறந்தனர். சிகிச்சை தொடங்கியபின் அது 2.8 ஆகக் குறைந்தது.

அவர்கள் சேர்த்த குறிப்புகளிலிருந்து ஏழு அறிகுறிகள் தெரிந்தெடுக்கப்பட்டு 2005இல் வெளியாயின. நன்றாக அழுத சிசுவின் அழுகை மெலிதல் அல்லது நின்றுபோதல், நன்றாகச் சப்பிக் குடித்த சிசு சோர்ந்து குடித்தல் அல்லது குடியாமை, மயக்கம், உடல் காய்தல் அல்லது சில்லிடுதல், தோலிலோ தொப்புளிலோ சீழ், ஓயாத வாந்தி, பேதி, வயிற்று உப்புசம், முனகலோடு மூச்சுவிடுதல் அல்லது மார்பு உள்வாங்குதல். இவற்றுள் ஏதேனும் இரண்டு ஒருங்கே தோன்றினால் தாமதமின்றிச் சிகிச்சை வேண்டும். ஒன்று மட்டும் தோன்றுவது நலமுள்ள சிசுவிடமும் உண்டு. ஆயினும் அதனை அலட்சியம் செய்யலாகாது.

இவற்றுள் நாம் ஊன்றி நோக்க வேண்டியது 'நன்றாக அழுத', 'நன்றாகக் குடித்த' என்னும் சொற்களையே. இயல்பிலேயே மெல்ல அழும் சிசுவும் உண்டு. நேற்றைய நிலையினின்று இன்று மாறியதா என்பதே கேள்வி. அதற்கு விடை கூறக்கூடியவள் தாய்; எந்தக் கருவியும் அவளுக்கு ஈடாகாது என்றே நாம் கருதுகிறோம்.

மூச்சை எண்ணுதலும் பயன் தரும். இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசு நிமிடத்திற்கு 60 முறைக்கு மேல் மூச்சுவிட்டால் மறுமுறையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிசுவின் மூச்சு சீராக இராது. ஆதலால் அரை நிமிடம் எண்ணி இரட்டித்தல் கூடாது. சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு மற்றொரு சோதனை உண்டு: நகத்தை அழுத்தி விட்டபின் வெளுத்த இடம் மீண்டும் சிவக்க 3 வினாடிக்கு மேலானால் இரத்த ஓட்டம் தளர்ந்துள்ளதென்று கொள்ளலாம். மருத்துவமனையில் இரத்தத்தின் லாக்டேட் அளவும் இதே தளர்ச்சியைக் காட்டும்.

அபாயக்குறி கண்டு சிசுவை எடுத்துச் செல்லுகையில், தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி அணைத்து, தலையையும் மூடிக்கொள்ளல் வேண்டும். விழுங்க முடியுமாயின் வழியிலும் தாய்ப்பால் புகட்டலாம்.